கமலாம்பா நவாவரணத்தை ஓவியத் திரையோடு மேடையேற்றுவது: முழுமையான வழிகாட்டி

முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர் கமலாம்பாள் மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகள் தியானம், மங்களம் சேர்த்து மொத்தம் 11. தனித்தனியாகக் கச்சேரிகளில் கேட்டுப் பழகியவை என்றாலும், அவை ஒரே கட்டடத்தின் அறைகள். அம்பாளின் யந்திரமான ஸ்ரீசக்கரத்தின் வெளிச் சதுரத்தில் நுழைந்து, ஆவரணங்கள் எனப்படும் ஒன்பது சுற்றுகள் வழியாக நடுப்புள்ளியான பிந்துவை அடைவதுதான் தொகுப்பின் வடிவம். அதனால் இதற்குக் காட்சியை வெளியிலிருந்து தேடிக் கொண்டுவர வேண்டியதில்லை. சாஹித்யமே, அதாவது பாடல் வரிகளே, ஒவ்வோர் ஆவரணத்திலும் சக்கரத்தின் பெயரைச் சொல்லி, போகும் திசையையும் காட்டுகிறது.

பாடகர்களுக்குப் பின்னால் ஓவியங்கள் ஒளியாக விழும் திரையை, இந்தத் திசையை மறந்துவிட்டு வடிவமைப்பவர்கள்தான் அதிகம். முடிவை நெருங்க நெருங்கப் பிரம்மாண்டம் கூட வேண்டும் என்ற மேடைப் பழக்கம் இங்கே தலைகீழாகத் தவறு. பாட்டு உள்ளே போகப் போகத் திரையில் இருப்பது குறைய வேண்டும். கீழே வரும் அளவுகள், விளக்கு, மென்பொருள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து பிறப்பவை.

1. பாடல்களின் வரைபடம்

ஓவியரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்:

தியானம்: தோடி, ரூபகம்
1. ஆனந்தபைரவி: திரைலோக்யமோகன சக்கரம், மூன்று கோட்டுச் சதுரம்
2. கல்யாணி, ஆதி: சர்வாசாபரிபூரகம், 16 இதழ்த் தாமரை
3. சங்கராபரணம், ரூபகம்: சர்வசம்க்ஷோபணம், 8 இதழ்த் தாமரை
4. காம்போதி, கண்ட அட: சர்வசௌபாக்யதாயகம், 14 முக்கோணங்கள்
5. பைரவி, மிச்ர ஜம்பை: சர்வார்த்தசாதகம், வெளிப் 10 முக்கோணங்கள்
6. புன்னாகவராளி: சர்வரக்ஷாகரம், உள் 10 முக்கோணங்கள்
7. சஹானா: சர்வரோகஹரம், 8 முக்கோணங்கள்
8. கண்டா, ஆதி: சர்வசித்திப்ரதம், ஒற்றை முக்கோணம்
9. ஆஹிரி: சர்வானந்தமயம், பிந்து
மங்களம்: ஸ்ரீராகம், கண்ட ஏகம்

தாளம் எழுதாத இடங்களில் மிச்ரசாபு என்றும் திஸ்ர திரிபுடை என்றும், ரூபகம் என்றும் திஸ்ர ஏகம் என்றும் பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் (வழிவழியாகக் கற்றுவந்த பாட முறை) எண்ணிக்கை மாறும். உங்கள் பாடகர் எப்படிப் போடுகிறாரோ அதை எழுதுங்கள்.

இன்னொரு நிரலும் சேருங்கள்: வேற்றுமை. முதல் எட்டு ஆவரணங்களும் சமஸ்கிருத இலக்கணத்தின் எட்டு வேற்றுமைகளில் வரிசையாக அமைந்தவை. ஒன்பதாவதில் எல்லாம் சேர்ந்து வரும். காட்சிக்கு இது பெரிய கொடை. மூன்றாவதில் அம்பாளால் கடாட்சிக்கப்பட்டவன் நான் என்கிறார். பார்வை அங்கிருந்து இங்கே வருகிறது. ஐந்தாவதில் அவளைவிட மேலானது இல்லை என்று மனத்திடம் பேசுகிறார். எட்டாவது விளி, நேருக்கு நேர் அழைப்பு. ஓவியத்தில் முகம் எப்போது பக்கவாட்டில், எப்போது நேராக என்பதை இந்த நிரலைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

நேரக் கணக்கு: விஸ்தாரம் இல்லாமல் பாடினாலே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். காம்போதியும் பைரவியும் நீளமானவை. ஆலாபனையோ கல்பனாஸ்வரமோ (பாடகர் தம் கற்பனையில் விரித்துப் பாடும் பகுதிகள்) மாலை முழுக்க இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். எந்த இரண்டு என்பதைப் பாடகரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். தனி ஆவர்த்தனத்தையும் (மிருதங்கத்தின் தனி வாசிப்பு) அவற்றில் ஒன்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

2. ஓவியம்

பதினோரு பாட்டுக்குப் பதினோரு இடத்திலிருந்து படம் எடுத்து ஒட்டாதீர்கள். ஓவியர் ஒருவர், கோடு ஒரு கை, நிறத்தட்டு ஒன்று. இணையத்தில் கிடைக்கும் ஸ்ரீசக்கரப் படத்தை அப்படியே போடுவது இன்னும் மோசம். மேல் நோக்கிய 4, கீழ் நோக்கிய 5 என ஒன்பது பெரிய முக்கோணங்கள் பின்னிக்கொள்ளும்போது 43 சிறு முக்கோணங்கள் (14+10+10+8+1) கிடைக்க வேண்டும். பல இடங்களில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். வரைதல் கொஞ்சம் பிசகினால் அந்தப் புள்ளிகளில் பொடி முக்கோணங்கள் முளைக்கும். கைப்பேசியில் தெரியாத இந்தப் பிழை மூன்றரை மீட்டர் அகலத்தில் பளிச்சென்று தெரியும். ஆகவே வெக்டர் கோப்பாக, ஒவ்வோர் ஆவரணமும் தனி அடுக்காக வரைந்து, 43-ஐயும் எண்ணிச் சரிபாருங்கள். சதுரத்துக்கும் தாமரைகளுக்கும் இடையில் வரும் வட்டங்களை எந்த ஆவரணத்தோடு சேர்ப்பது என்பது சம்பிரதாயத்துக்கு ஏற்ப மாறும். உபாசனை அறிந்த ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டே மேலே போங்கள்.

தியானத்துக்கு உருவ ஓவியம் வேண்டும். திருவாரூரில் கமலாம்பாள் கால்மேல் கால் போட்டு யோகாசனத்தில் அமர்ந்திருப்பவள். நின்ற கோலத்தில் வரைந்தால் அது வேறு அம்பாள். கருவறையைப் படம் எடுத்துத் திரையில் போடும் எண்ணமே வேண்டாம். கமலாலயக் குளமும், தேவாசிரிய மண்டபத்தின் முசுகுந்தன் கதை ஓவியங்களும் ஓவியருக்கு நல்ல ஊற்று. அவற்றைப் படமெடுப்பதென்றால் கோயில் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள்.

தஞ்சாவூர் பாணி ஓவியம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. தங்க ரேக்கின் ஒளிர்வு நிறம் அல்ல, பிரதிபலிப்பு. நேராக ஒரு படம் எடுத்துத் திரையில் போட்டால் பொன் மங்கிப் பழுப்பாகிவிடும். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் இடமிருந்து வலமாக ஐந்து, ஆறு கோணங்களில் நகர்த்திப் படங்கள் எடுங்கள். அந்தப் படங்களை 30 வினாடிக்கு ஒன்றாக ஒன்றுக்குள் ஒன்று கரைத்தால், கோயிலில் தீபம் அசையும்போது தெரிவது போலப் பொன் உயிர்பெறும். காம்போதி ஆவரணம் அம்பாளைப் பொன்னாடை உடுத்தியவள் என்றே தொடங்குகிறது. இந்த உத்தியை அங்கே செலவிடுங்கள், வேறெங்கும் வேண்டாம்.

படத்தின் அளவு: திரைக்குப் போவது 1920 பிக்சல் அகலம் என்றால், இரண்டு மடங்கு நெருங்கிக் காட்ட 3840, நான்கு மடங்குக்கு 7680 பிக்சல் மூலப்படம் தேவை.

3. திரையும் ப்ரொஜெக்டரும்

ஸ்ரீசக்கரம் சதுரம். அகலத் திரையில் அது நடுவில் மட்டும்தான் நிற்கும். அதனால் 16:9 ப்ரொஜெக்டரைவிட 1920×1200 பிக்சல் கொண்ட 16:10 வகை மேல். 6.4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் கொண்ட சாம்பல் நிறத் திரையை எடுத்துக்கொண்டால், மேலே 3.4 மீட்டர் சதுரத்தில் சக்கரம், கீழே அரை மீட்டர் பட்டையில் தமிழ் வரிகள். ஒரு பிக்சல் 3.3 மி.மீ. ஆகும். கோட்டின் தடிமன் 4 பிக்சலுக்குக் குறைந்தால் 25 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குக் கோடு நடுங்கித் தெரியும்.

திரை கலைஞர்களுக்குப் பின்னால் 2.5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். 30 செ.மீ. மேடைப்பலகையில் உட்கார்ந்தவரின் தலை மேடைத் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் வரும். முதல் வரிசைக்காரரின் கண் கீழே இருப்பதால், திரையின் அடி 1.9 மீட்டராவது உயர்ந்திருந்தால்தான் பாடகரின் தலை தமிழ் வரியை மறைக்காது. அப்படியானால் மேடை வாயில் 6 மீட்டர் உயரம் வேண்டும். இல்லாத சபாவில் திரையை 4.8×3 மீட்டராகச் சுருக்குங்கள். அடியை மட்டும் இறக்காதீர்கள்.

லென்ஸைத் தேர்ந்தெடுக்க எளிய வகுத்தல்: தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும். பால்கனி முகப்பு திரையிலிருந்து 15 மீட்டர் என்றால் 15÷6.4, அதாவது 2.34. இந்த எண் அடங்கும் லென்ஸை வாடகைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கோணச் சாய்வை லென்ஸை நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். கீஸ்டோன் என்ற மின்னணுத் திருத்தம் பிக்சல்களை வளைத்துச் சாய்கோடுகளைப் படிக்கட்டாக்கும். பூப்படத்தில் தெரியாது, ஸ்ரீசக்கரத்தில் முதல் நொடியே தெரியும்.

பிரகாசம் 10,000 லூமென் போதும். 25.6 சதுர மீட்டரில் அது சுமார் 390 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்). மேடை விளக்கின் சிதறல் திரையில் 5 லக்ஸைத் தாண்டக் கூடாது. 20 லக்ஸ் விழுந்தால் கறுப்பு சாம்பலாகி, கோடுகள் வெளிறிவிடும். கைப்பேசி லக்ஸ் அளவி துல்லியமில்லை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

விசிறிச் சத்தத்தைப் பலர் ஒத்திகையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். தம்புரா மட்டும் ஒலிக்கும் நேரத்தில் ப்ரொஜெக்டரின் இரைச்சல் பின்வரிசைக்குச் சுருதிக்குள் ஊடுருவும். கண்ணாடி அறைக்குள் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் லேசர் வகையை அமைதி நிலையில் ஓட்டுங்கள். லூமென் குறையும் என்பதை முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் அடைத்தால் காற்றுப் போக வழி விடாமல் அடைக்காதீர்கள். சூடேறி நடு ஆவரணத்தில் தானே அணைந்துவிடும்.

எல்இடி சுவர் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். திறந்த பந்தலிலும் பிராகாரத்திலும் அதுதான் வழி. இருட்டாக்க முடிந்த அரங்கில் வேண்டாம். கல்யாண மண்டபத்துக்காகச் செய்த பிரகாசத்தை 5 சதவீதத்துக்குக் குறைக்கும்போது மெல்லிய நிறப்படிகள் பட்டை பட்டையாக உடையும். 3.9 மி.மீ. புள்ளி இடைவெளி கொண்ட சுவரை 4 மீட்டருக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் படம் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும்.

படம் கவிழ்ந்திருக்கிறதா என்று எழுத்துள்ள சோதனைப் படத்தை வைத்துப் பாருங்கள். ஸ்ரீசக்கரம் இடம் வலம் சமச்சீரானது; கண்ணாடிப் பிம்பமாக விழுந்தாலும் தெரியாது. தலைகீழாக விழுந்தால் அது தெரிந்தவர் மனத்தை நோகடிக்கும் பிழை. கூரையில் தொங்கவிட்ட ப்ரொஜெக்டரில் இது அடிக்கடி நடக்கும். அதுபோல, சக்கரத்தின் ஒளி மேடைத் தரையிலோ கலைஞர்களின் காலிலோ விழும்படி எந்த நிலையிலும் அமைக்காதீர்கள்.

4. மேடை விளக்கு

இருட்டு வேண்டும் என்று கலைஞர்களை நிழலாக்கிவிட்டால் கச்சேரி கெடும். மிருதங்கக்காரர் பாடகரின் தாளக் கையைப் பார்த்துத்தான் வாசிக்கிறார், அதிலும் 14 அட்சரக் கண்ட அடதாளத்தில். தாளம் போடும் கையில் 80 லக்ஸ், முகங்களில் 100 லக்ஸ் குறைந்தபட்சம். முன்னாலிருந்து நேராக விளக்குப் போட்டால் ஒளி பின்திரைக்குப் போய்விடும். பக்கத்துக்கு இரண்டாக, தகடு வைத்து வெட்டக்கூடிய ப்ரொஃபைல் விளக்குகளை 50 பாகைக்குக் குறையாத சரிவில் மேலிருந்து இறக்குங்கள். 3,000 கெல்வின் இளஞ்சூட்டு நிறம் பட்டுக்கும் தோலுக்கும் பொருந்தும். மேடைப்பலகை விரிப்பு அடர் நிறமாக இருக்கட்டும். வெள்ளை ஜமக்காளம் விரித்தால் அதிலிருந்து எதிரொளித்தே திரை வெளிறும்.

ஒலி அமைப்புக்கும் விளக்கின் டிம்மருக்கும் ஒரே மின் இணைப்பு வேண்டாம். விளக்கு மங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ரீங்காரம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

5. க்யூ: நேரத்தை அல்ல, சொல்லைப் பிடியுங்கள்

மேற்கத்திய மேடையில் செய்வது போல வினாடிக் குறியீட்டில் திரையை ஓடவிட முடியாது. பாடகர் இன்று ஒரு சங்கதி கூடுதலாகப் பாடுவார். அது அவர் உரிமை. ஆகவே திரையின் ஒவ்வொரு நிலையும் முடிவில்லாமல் சுழலும் துணுக்காக இருக்க வேண்டும். அடுத்த நிலைக்கு மனிதர்தான் நகர்த்த வேண்டும். அந்த மனிதர் இந்தப் பதினோரு கிருதிகளையும் கூடவே பாடத் தெரிந்தவராக இருப்பது கட்டாயம். கணினி தெரிந்தவருக்குத் தீட்சிதரைக் கற்பிப்பதைவிட, தீட்சிதர் தெரிந்தவருக்கு ஒரு பொத்தானைக் கற்பிப்பது எளிது.

ஒரு கிருதிக்கு ஐந்து க்யூ (திரையை அடுத்த நிலைக்கு மாற்றும் இடம்) போதும்: பல்லவி எடுப்பு, அனுபல்லவி முதல் சொல், சரணம் முதல் சொல், மத்யமகால சாஹித்யம், கடைசியாகப் பல்லவிக்குத் திரும்பும் இடம். 11 கிருதிக்கு அதிகபட்சம் 55. சாஹித்யப் புத்தகத்தில் அந்தச் சொல்லின் மேல் எண் எழுதுங்கள். பொத்தானை எதிர்பார்த்து முன்கூட்டி அழுத்தக் கூடாது. பாடகர் சொல்லை எடுத்த பிறகே அழுத்த வேண்டும். மாற்றம் 12 வினாடி மெல்லக் கரைவதாக இருந்தால் அந்த நொடித் தாமதம் யாருக்கும் தெரியாது. 2 வினாடி வெட்டாக வைத்தால் ஒவ்வொரு தாமதமும் தெரியும்.

மத்யமகாலத்தில் சொற்கள் இரட்டை வேகத்தில் வரும். அப்போது படத்தையும் வேகமாக்கத் தோன்றும், செய்யாதீர்கள். கண்ணும் காதும் ஒரே நேரத்தில் விரைந்தால் சொல் விழுந்துவிடும். அந்த நான்கைந்து வரிகளுக்குப் படம் முழுவதுமாக நிற்கட்டும். அதே காரணத்தால் எந்த அசைவும் தாளத்தோடு ஒத்துத் துடிக்க வேண்டாம். முதல் ஆவர்த்தனத்தில் பொருந்தி, ஐந்தாவதில் விலகி, பிறகு முழுக் கச்சேரியும் தாளம் தப்பியதுபோல் தோன்றும்.

பாட்டுகளுக்கு இடையே சுருதி சேர்ப்பது, மிருதங்கத்தைத் தட்டிச் சரிசெய்வது என்று ஒன்றிரண்டு நிமிடம் போகும். அதற்கென ஓர் ஓய்வு நிலை வேண்டும்: முழுச் சக்கரமும் 15 சதவீத ஒளியில் மெல்லிய கோடாக, இதுவரை கடந்த ஆவரணங்கள் சற்றே கூடுதல் ஒளியில். கேட்பவருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்பது சொல்லாமலே விளங்கும். தனிக்கும் இதே நிலை போதும்.

மென்பொருள் கியூலேபோ ரிசொல்யூமோ, பழகியது எதுவானாலும் சரி. கோப்பு வகை முக்கியம். ஹெச்.264 சுழலும் இடத்தில் திக்கும். ஹாப் அல்லது ப்ரோரெஸாக மாற்றுங்கள். இருண்ட நிறங்கள் கரையும்போது படிப்படியாகத் தெரிந்தால் மிக நுண்ணிய மணல் போன்ற துகளைப் படத்தில் சேருங்கள், பட்டைகள் மறையும்.

6. தமிழ் வரிகள்

சாஹித்யம் சமஸ்கிருதம். பொருள் தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது நியாயமில்லை. வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படிக்க வைப்பதும் அவ்வாறே. பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி, வரிக்கு 35 எழுத்துக்குள். எழுத்தின் உயரம் 12 செ.மீ., அதாவது 36 பிக்சல். தூய வெள்ளை வேண்டாம், 60 சதவீதச் சாம்பல் போதும். 20 வினாடி நின்று மறையட்டும்.

மேடை மென்பொருள் சிலவற்றில் தமிழ் எழுத்து உடையும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தாகத் தட்டச்சு செய்யாமல், பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்களாகச் செய்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

7. கடைசி மூன்று ஆவரணங்கள்

ஐந்தாவது வரை திரை நிறைந்திருக்கலாம். ஆறாவதிலிருந்து வெளிச் சுற்றுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். சஹானாவில் எட்டு முக்கோணங்கள் மட்டும், நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். கண்டாவில் 40 செ.மீ. அளவில் ஒற்றை முக்கோணம், அசைவே இல்லாமல். படத்தை நம்பிப் பழகிய வடிவமைப்பாளர் இங்கே பதறுவார். அந்த ராகத்தின் பிரயோகங்களைக் கேட்க இடம்விடுவதுதான் அங்கே திரையின் வேலை.

ஆஹிரியில் பிந்து, 10 செ.மீ. இங்கே ஒரு தொழில்நுட்பக் கண்ணி இருக்கிறது. ப்ரொஜெக்டரின் கறுப்பு உண்மையில் கறுப்பல்ல. ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் 25 சதுர மீட்டரில் பரவிய அந்தக் கசிவு மொத்தத்தில் புள்ளியின் ஒளியைவிட அதிகம். இருட்டில் ஒரு பெரிய சாம்பல் செவ்வகமும் நடுவில் ஒரு பொட்டும்தான் தெரியும். ஆகவே அந்த ஆவரணத்துக்கு ப்ரொஜெக்டரின் மூடியை முழுமையாக மூடிவிட்டு, பிந்துவைத் துளை சுருக்கும் வசதியுள்ள ஒரு ப்ரொஃபைல் விளக்கால் திரையில் விழச் செய்யுங்கள். முந்தைய நாளே இடம் குறித்துப் பூட்டி வைக்க வேண்டும், 5 செ.மீ. நகர்ந்தாலும் முன்பு முக்கோணம் இருந்த இடத்தின் நடுவில் உட்காராது.

மங்களத்துக்கு மறுபடி அம்பாள் ஓவியத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். முழுச் சக்கரம் 30 சதவீத ஒளியில் திரும்பி வந்தால் போதும். அரங்கு விளக்குகள் அதன்மேலேயே மெல்ல ஏறலாம்.

8. கடைசி இரண்டு நாள்

டிசம்பர் சீசனில் ஒரே நாளில் மூன்று கச்சேரி நடக்கும் அரங்கில் இதை முயலாதீர்கள். அரை மணி இடைவெளியில் திரை கட்ட முடியாது. முந்தைய மாலையே அரங்கைக் கையில் வாங்குங்கள். அன்று இரவு திரை, ப்ரொஜெக்டர், விளக்குக் கோணம். மறுநாள் காலை பாடகர் இல்லாமல் எல்லா க்யூவையும் வரிசையாக ஓட்டிப் பார்ப்பது. பிற்பகல் பாடகரோடு தியானம், காம்போதி, ஆஹிரி மூன்றும் முழுமையாக. மற்றவற்றில் தொடக்கமும் முடிவும்.

சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டருக்கு மேல் நம்பத் தகாதது. நீண்ட தூரத்துக்கு எஸ்டிஐ கேபிள், அல்லது கேட்6 வழியாக அனுப்பும் பெட்டி. மடிக்கணினியில் அறிவிப்புகள், தானே உறங்குவது, ஒலி மூன்றையும் நிறுத்துங்கள். கணினிக்கும் ப்ரொஜெக்டருக்கும் யுபிஎஸ் வேண்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் பாட்டு மைக் இல்லாமலும் தொடரும், ஆனால் ப்ரொஜெக்டர் மறுபடி எழ ஒன்றிரண்டு நிமிடமாகும். எழும்போது நிறுவனத்தின் சின்னத்தைத் திரை முழுக்கக் காட்டும். தொடக்கச் சின்னத்தை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள்.

பதிவு செய்வதானால் கேமரா 25 சட்டகம், ஷட்டர் 1/50. கணினி வெளியீடு 50 ஹெர்ட்ஸ். 60-இல் விட்டால் பதிவில் திரை துடிக்கும். ஓவியரோடு செய்யும் ஒப்பந்தத்தில் மேடையில் காட்டும் உரிமை, பதிவு உரிமை, இணைய ஒளிபரப்பு உரிமை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தீட்சிதர் மறைந்தது 1835. கிருதிகளுக்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை, ஓவியத்துக்கு வாங்க வேண்டும்.